கம்பளிக் கோட்டும் கடன் வில்லும்

பஞ்சாபில் ஜனவரியில் வில்வித்தைப் போட்டி என்று தெரிந்ததும், எனக்கு வில் பழக்கிய மாஸ்டர் என்னிடம் அம்பைப் பற்றிப் பேசவில்லை, ஸ்வெட்டரைப் பற்றிப் பேசினார்.

"அங்க குளுரு ஜாஸ்தி. நம்மூரு மார்கழி மாதிரி நெனச்சிக்காத. கனமா கோட்டு போட்டுகினு அம்பு விட இப்பவே பழகிக்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருவண்ணாமலையில் பிறந்தவளிடம் போய்க் குளிர் என்றால்? எங்கள் மலை பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி அதை எங்கள் வீட்டுக்குள்ளேயே இறக்கிவிடும். மார்கழியில் ஒரு மாதம் விடியற்காலையில் கொஞ்சம் சிலுசிலுவென்று இருக்கும். அதற்கே ஊரில் பாதிப் பேர் மங்கி குல்லா போட்டுக்கொண்டு, ஏதோ பனிமலையில் மாட்டிக்கொண்டவர்கள்போல் டீக்கடை அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். குளிரைப் பற்றி எங்களுக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மாவட்டம் தனியாகப் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வேங்கிக்காலில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அரசாங்கக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். முள்ளை வெட்டி, வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதில் நாங்கள் வில் பழகினோம். நாங்கள் என்றால் ஒரு ஏழெட்டுப் பேர். முதலில் மூங்கில் வில். அப்புறம்தான் அந்த வில் வந்தது.

மரமும் ஃபைபரும் சேர்த்துச் செய்த வெளிநாட்டு வில். எங்கள் மாவட்டம் சொந்தமாக வாங்கியது இல்லை, மாநில வில்வித்தைச் சங்கத்திலிருந்து கடனாக வந்தது. நன்றாக விடுகிறாள் என்று என் கையில் கொடுத்தார்கள், கூடவே ஒரு நிபந்தனையும். தேசியப் போட்டியில் அவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணை எடுத்தால் வில் என்னிடமே இருக்கும். எடுக்கவில்லை என்றால் வேறு மாவட்டத்தில் காத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்குப் போய்விடும். அதில் ஒன்றும் அநியாயம் இல்லை. ஆனால் அந்த வில்லைக் கையில் எடுத்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் மூங்கில் வில்லுக்குத் திரும்பிப் போனால் நான் அழுதே செத்துவிடுவேன் என்று. காலேஜில் நான் சுமார். வீட்டு வேலையில் அதைவிடச் சுமார். அந்த வில்லைப் பிடித்து நிற்கும்போது மட்டும்தான் நான் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறேன் என்று தோன்றும்.

சரி, கோட்டுக்கு எங்கே போவது?

அப்பா டைலர். செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கத்தில் கடை. உள்ளூர்ப் பெண்களுக்கு ஜாக்கெட், வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொளவென்று பருத்திச் சட்டை, பைஜாமா. அங்கே ஒரு வேடிக்கை உண்டு. டிசம்பரில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள் அவரவர் ஊர்க் குளிருக்குப் போட்டுக்கொண்டு வந்த பெரிய கோட்டுகளோடு வருவார்கள். இங்கே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வருடா வருடம் வரும் ஒரு வெள்ளைக்காரம்மா தன் கோட்டை எங்கள் கடையில் மாட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்வார். விஷயத்தைச் சொன்னதும், போட்டுக்கோ என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கோட்டுக்குள் என்னைப்போல் இரண்டு பேர் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். விடியற்காலையில் அதை மாட்டிக்கொண்டு, கையில் வில்லோடு வேங்கிக்கால் ரோட்டில் நடந்தேன். பால்கார அண்ணன் சைக்கிளை நிறுத்தி, "இன்னா பாப்பா, கரடி வேட்டைக்கா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. வேட்டைக்காரியும் நான்தான், கரடியும் நான்தான் என்கிற மாதிரிதான் இருந்தேன்.

கனத்த உடுப்பில் அம்பு விடுவது வேறு தொழில் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நாணை விட்டால் அது நேராகப் போகவேண்டும். வழியில் தொங்குகிற துணியில் பட்டால் அம்பு திசை மாறிவிடும். அந்தக் கோட்டின் இடது கை தொளதொளவென்று வில்லுக்குக் கீழே தொங்கியது. நாண் அதன்மேல் பட்டென்று அடிக்க, அம்பு வைக்கோல் கட்டைத் தாண்டி முள்ளுக்குள் போய் விழுந்தது. சைக்கிள் ட்யூபை வெட்டிக் கையைச் சுற்றிக் கட்டினேன். கை சரியானது, மார்பு தடுத்தது. மார்பைக் கட்டினேன், காலர் வந்து கன்னத்தில் முட்டியது. வியர்வையில் ஊறிப்போய், முள்ளில் அம்பு பொறுக்கிய நேரம்தான் அதிகம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். "எல்லாம் லூசுப்பா. உடம்போட ஒட்டி இருக்கணும். எங்கயும் தொங்கக்கூடாது."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டின்மேல்தான் கோபம், என்மேல் இல்லை. "டைலரு பொண்ணு, ஊரான் கோட்ட போட்டுகினு பஞ்சாப் போவுமா? நான் தைக்கறேன்" என்றார்.

அப்பா வாழ்நாளில் குளிருக்கு ஒரு உடுப்பும் தைத்தவர் இல்லை. துணிக்கு எங்கே போவது என்று யோசித்து, கடைசியில் பரண்மேல் இருந்த நல்ல கம்பளிப் போர்வையை இறக்கினார். கறுப்பில் ஓரமாகச் சிவப்புக் கரை. அம்மா கொஞ்சம் முனகினாள், அது அவள் கல்யாணத்துக்கு வந்த போர்வை. அப்புறம் அவளே உதறி வெயிலில் போட்டாள்.

அளவு எடுக்கவேண்டும். எங்கள் பக்கத்து டைலர் கடைகளில் பெண்களுக்கு டேப் வைத்து அளவெடுக்கிற வழக்கம் அப்போது இல்லை. "அளவு ஜாக்கெட் குடுங்க" என்பார்கள். ஏற்கெனவே சரியாக இருக்கிற ஒரு ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுக்கவேண்டும். டைலர் அதை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டு, தோள், மார்பு, கை என்று எல்லா அளவையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார். அப்பாவுக்கு இதில் மகள் என்றும் வேறு ஆள் என்றும் வித்தியாசம் இல்லை. நான் பெரியவளான பிறகு அவர் என்மேல் டேப் வைத்ததே கிடையாது. என் பாவாடை சட்டையிலிருந்து சுடிதார்வரை எல்லாமே, "அவளோட அளவு ஜாக்கெட்ட எடு" என்று அம்மாவிடம் கேட்டு வாங்கித் தைத்ததுதான். ஒரு நூல்கூடப் பிசகியதில்லை.

கோட்டுக்கும் அதேதான். அளவு ஜாக்கெட்டை விரித்தார், நீவினார், கம்பளியில் சாக்பீஸால் கோடு போட்டார்.

போட்டதோடு சரி. பொங்கல் துணி குவிந்துவிட்டது. டைலர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், ஊரார் எல்லாரும் புதுத்துணி கட்டி முடித்த பிறகுதான் நம் துணி மிஷினில் ஏறும். பொங்கல் முடிந்து மெட்ராஸ் பஸ் ஏறுகிற அன்றைக்கு மத்தியானம்தான் அப்பா பட்டன் தைத்து முடித்தார்.

போட்டுப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்றேன். அப்படியொரு பொருத்தம்! எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. சிவப்புக் கரையை இரண்டு மணிக்கட்டிலும் வருகிறமாதிரி வைத்திருந்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். "வெள்ளைக்காரன் தோத்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கீழே கிடந்த நூலைப் பொறுக்கினார். சந்தோஷம் தாங்காவிட்டால் அவர் அப்படித்தான் எதையாவது பொறுக்குவார்.

அம்மா தன் பங்குக்கு ஒரு மங்கி குல்லாவைத் திணித்து, எக்காரணம் கொண்டும் தலையிலிருந்து எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பஞ்சாப் குளிரை என்னவென்று சொல்வது? மைதானத்தில் இறங்கியதும் என் விரல்கள் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டன. இலக்குப் பலகை பனியில் கரைந்து நின்றது. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முதலில் சண்டித்தனமாக வெறும் ஸ்வெட்டரோடு நின்று பார்த்தேன். உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் அம்பை நாணில் கோக்கவே முடியவில்லை. அப்பா தைத்த கோட்டை மாட்டினேன். அப்பப்பா, என்ன கதகதப்பு! பல்லடிப்பது நின்றது. மங்கி குல்லா மட்டும் தாடையை மூடியது. நாணை இழுத்துத் தாடையில் தொட்டு நிறுத்தித்தான் குறி பார்க்கவேண்டும், அங்கே கம்பளி இருந்தால் எப்படித் தெரியும்? அதைச் சுருட்டித் தலைமேல் ஏற்றிவிட்டேன். தலையிலிருந்து எடுக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான்.

வில்லைத் தூக்கி நாணை இழுத்தேன். பாதியில் நின்றுவிட்டது.

வில்லில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி இழுத்தேன். இரண்டு அக்குளிலும் யாரோ கயிறு கட்டிக் கீழே இழுப்பதுபோல் கோட்டு என்னைப் பிடித்து வைத்தது. கையைத் தொங்கவிட்டால் அமிர்தம்போல் பொருந்துகிற கோட்டு, முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க விடவில்லை. பட்டனைக் கழற்றிப் பார்த்தேன், முன்பக்கம் விரிந்து நாணில் போய் உரசியது. நாண் தாடைக்கு வந்து சேரவே இல்லை. பாதி இழுத்த நாணில் போகிற அம்புக்கு வேகம் எங்கிருந்து வரும்? ஒன்று கீழே விழுந்தது, ஒன்று ஓரத்தில் குத்தியது, ஒன்று பலகைக்கே போய்ச் சேரவில்லை. முதல் நாள் தூரத்து இலக்குகள். சாயங்காலம் மதிப்பெண் பலகையில் என்னை மேலிருந்து தேடுவதைவிடக் கீழிருந்து தேடுவது சுலபமாக இருந்தது.

மாஸ்டர் திட்டவில்லை. "நாளைக்கு கிட்டத்து எலக்கு. அதுல அள்ளினா கணக்கு சரியாயிடும். இன்னிக்கு மாதிரி விட்டா வில்லு போச்சு" என்றார். உறையில் கிடந்த வில்லைப் பார்த்தேன். அதை இன்னொருத்தி எடுத்துத் தோளில் மாட்டுவதுபோல் நினைத்துப் பார்த்ததும், உறையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குப் போன் போட்டேன். கடைக்கு என்றால், அடுத்த மருந்துக்கடைக்கு. அவர்தான் அப்பாவைக் கூப்பிடுவார்.

"இன்னாம்மா, கோட்டு எப்படி இருக்குது? குளுரு தாங்குதா?" என்று அப்பா ஆசையாகக் கேட்டார்.

"தாங்குதுப்பா. எல்லாரும் எங்க தைச்சதுன்னு கேக்கறாங்க."

அது பொய்யில்லை. என் அறையில் தங்கியிருந்த ஹரியானாக்காரப் பெண் ஒருத்தி சிவப்புக் கரையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அத்தோடு போனை வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கல்யாணப் போர்வையை வெட்டித் தைத்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

"அப்புறம் ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்குது?"

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். "கை மேல போவ மாட்டுதுப்பா" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கை எதுக்கும்மா மேல போவணும்?" என்றார்.

என் அப்பா நான் வில் இழுத்து ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்குமுன் எனக்கு அது உறைத்ததே இல்லை. நான் பழகுவது விடியற்காலையில். ராத்திரி வெகுநேரம் மிஷின் மிதித்தவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். எழுந்ததும் கடைக்கு ஓடுவார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு அம்பு விடுது" என்று சொல்லுவார். அம்பு எப்படி விடுவது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. அளவு ஜாக்கெட்டுக்கும் தெரியாது. அது கையைத் தொங்கவிட்டு நிற்கிற பெண்ணின் அளவு.

"சரி, அழாத. இப்ப வில்லு புடிச்சா எப்படி நிப்பியோ அப்படி நில்லு. நின்னுகினே சொல்லு. இடது கை எங்க இருக்குது?"

ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தச் சின்னப் பூத்துக்குள் இல்லாத வில்லைப் பிடித்தேன். "நேரா, தோளுக்கு சமமா."

"வலது கை?"

"தாடைக்கு கீழ. முழங்கை பின்னால, தோளவிட கொஞ்சம் மேல."

"ம்." மூச்சு வாங்குவது கேட்டது. அவர் அப்போது என்ன செய்தார் என்று பிற்பாடு மருந்துக்கடைக்காரர் எனக்கு நடித்தே காட்டினார். மாத்திரை வாங்க வந்தவர்கள் சுற்றி நிற்க, கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு, அப்பாவும் காற்றில் வில்லை இழுத்துக்கொண்டு நின்றாராம். "உங்க அப்பாவுக்கு இன்னாமோ ஆயிடுச்சின்னு பயந்துட்டேன்" என்றார்.

"புரிஞ்சிடுச்சி" என்று போனில் அப்பாவின் குரல் வந்தது. டைலர் குரல். "பிளேடு இருக்குதா? ரெண்டு அக்குள்லயும் தையலப் பிரி. கையில ஒரு சாணு, பக்கத்துல ஒரு சாணு. துணில படக்கூடாது, நூல மட்டும் அறு."

"அப்பா, நீ அவ்ளோ கஷ்டப்பட்டு..."

"தைச்சவன் சொல்றேன், பிரிம்மா."

பிரித்தேன். சொல்வது சுலபம். மகள் போடுகிற கோட்டாயிற்றே, எந்தக் காலத்திலும் விடக்கூடாது என்று அப்பா ரெட்டைத் தையல் போட்டுத் தொலைத்திருந்தார். ஒரு தையலைப் பிரித்தால் கீழே இன்னொன்று சிரிக்கும். கட்டிலில் உட்கார்ந்து, கறுப்புத் துணியில் கறுப்பு நூலைத் தேடித் தேடி அறுத்தேன். ஒவ்வொரு நூலுக்கும் அவர்மேல் எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. முடித்துப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். போயிற்று. தோளுக்குப் போயிற்று, தோளுக்கு மேலும் போயிற்று. கட்டிலில் குதித்துக் குதித்துக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததைக் கண்டு ஹரியானாக்காரி என்ன நினைத்தாளோ.

மறுநாளும் அதே பனி. பிரித்த இடத்தில் உள்ளே போட்டிருந்த பச்சை ஸ்வெட்டர் எட்டிப் பார்த்தது. இரண்டு பக்கமும் ஓட்டையோடு, தலையில் சுருட்டிய குல்லாவோடு, நான் அம்பு விடும் இடத்தில் போய் நின்ற அழகை யாராவது போட்டோ எடுத்திருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. வில்லைத் தூக்கினேன். நாண் மெதுவாக வந்து தாடையில் தொட்டது. அந்தத் தொடுதல் கிடைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. விட்டேன். நடு மஞ்சளில் போய்க் குத்தியது.

எல்லா அம்பும் மஞ்சளில் குத்தியது என்று கதைவிட மாட்டேன். காற்று அக்குள் வழியாக உள்ளே புகுந்து கிச்சுக்கிச்சு மூட்டியதில் ஒன்று சிவப்பின் ஓரத்துக்கே போய்விட்டது. பரிசுக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் கடைசி அம்புக்குப் பிறகு மாஸ்டர் கூட்டிப் பார்த்தார், சந்தேகத்தில் இன்னொருமுறை கூட்டினார். அப்புறம் என் தலையிலிருந்த குல்லாவை இழுத்துக் கண்வரைக்கும் மூடிவிட்டு, "வில்லு நம்மூருக்குத்தான்" என்றார். குல்லாவுக்குள்ளேயே அழுதேன். அம்மா கொடுத்த குல்லா அதற்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா வில்லைப் பற்றிக் கேட்கவில்லை. போனிலேயே சொல்லியாகிவிட்டது. கோட்டைத்தான் கேட்டார். வாங்கி மேசையில் விரித்து, பிரிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "துணில படாம அறுத்துருக்க" என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அதற்குப் பிறகும் கிடைத்ததில்லை. அம்மா வழக்கம்போல் அளவு ஜாக்கெட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். அப்பா அதைத் தொடவில்லை.

மறுநாள் விடியற்காலை நான் மைதானத்தில் இருந்தபோது வேங்கிக்கால் ரோட்டில் ஒரு சைக்கிள் வந்தது. கழுத்தில் டேப்போடு அப்பா. தூங்கி எழுந்த முகம், சட்டையில் ஒரு பட்டன் மாற்றிப் போட்டிருந்தது. வைக்கோல் கட்டுகளையும் அம்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இழு" என்றார்.

அம்பைக் கோத்து இழுத்தேன். நாண் தாடையில் தொட்டது. அப்பா என் இடுப்பில் டேப்பின் முனையை வைத்து, அக்குள் வழியாக முழங்கைவரைக்கும் கொண்டுபோனார். கடையில் அளவு எடுக்கும்போது சத்தமாகச் சொல்கிறவர், அன்றைக்கு வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். பின்னால் போய் முதுகை அளந்தார். மறுபடி முன்னால் வந்து, டேப்பை மறந்துவிட்டு, இழுத்த நாணையும் என் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவு நேரம் யாரும் வில்லை இழுத்துப் பிடித்து நிற்க மாட்டார்கள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் புடி" என்றார்.

பிடித்தேன்.